பழைய டோசரில் செயின் அடிக்கடி கழல்கிறது. அண்டர்கேரேஜ் முழுவதையும் மாற்றித்தான் ஆகவேண்டுமா?

வணக்கம். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ரோட்டு வேலைக்காகப் பழைய டி-50 வகை டோசர் வாங்கியிருக்கிறீர்கள். இடது செயின் அடிக்கடி கழல்கிறது. பார்க்க வந்தவர் "செயின், ஸ்ப்ராக்கெட், ரோலர் எல்லாமே போச்சு, மொத்த செட்டையும் மாத்துங்க" என்று சொல்லியிருக்கிறார். ஸ்ப்ராக்கெட் என்பது செயினை இழுக்கும் பல்சக்கரம், ரோலர் என்பது வண்டியின் எடையைச் செயின்மேல் தாங்கும் உருளை. அவர் அளந்து பார்த்ததாக நீங்கள் எங்கும் எழுதவில்லை. அதனால்தான் இந்தப் பதில். குன்னூர், கோத்தகிரி எஸ்டேட் வண்டிகளில்தான் என் பிழைப்பே. அளக்காமல் சொன்ன வார்த்தையை நம்பி, நன்றாக ஓடக்கூடிய சாமானைக் காயலான் கடைக்குப் போட்டவர்கள் இங்கே நிறைய. ஒரு டோசரின் ஆயுள் முழுக்க ஆகும் பராமரிப்புச் செலவில் கிட்டத்தட்ட பாதியை அண்டர்கேரேஜ் என்கிற இந்த அடிப்பாகமே தின்றுவிடும் என்பது தொழிலில் எல்லோருக்கும் தெரியும். அதனால் இங்கே அவசரப்படக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் கழல்கிறது என்றால் முதலில் அந்தப் பக்கத்து டிராக் அட்ஜஸ்டரை, அதாவது கிரீஸ் அழுத்தத்தால் செயினை இறுக்கும் சிலிண்டரைப் பாருங்கள். சாயங்காலம் கிரீஸ் அடித்து இறுக்கிய செயின் காலையில் தொய்ந்து கிடக்கிறதா? அப்படியானால் சிலிண்டர் சீல் போயிருக்கிறது. மொத்த செட்டின் விலையோடு ஒப்பிட்டால் சீல் கிட் ஒரு செலவே இல்லை. ஆனால் கிரீஸ் வால்வைத் திறக்கும்போது ஒரு சுற்றுக்கு மேல் திறக்காதீர்கள், அதற்கு நேராக முகத்தையோ கையையோ வைக்காதீர்கள். உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வெளிவரும் கிரீஸ் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். அட்ஜஸ்டருக்குப் பின்னால் இருக்கும் பெரிய ஸ்பிரிங்கைச் சொந்தமாகக் கழற்றவே கூடாது. அது பிரஸ் உள்ள பட்டறை வேலை.

அட்ஜஸ்டர் நன்றாக இருந்தால் அடுத்து டேப். செயினின் பக்கத் தகடுகள்தான் லிங்க், அவற்றைக் கோக்கும் கம்பி பின், பின்னைச் சுற்றியுள்ள குழாய் புஷ். ஸ்ப்ராக்கெட் பல்லுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே ஒரு பழைய பின்னைக் கொடுத்து, வண்டியை மெல்லப் பின்னால் எடுங்கள். மேல்பக்கச் செயின் விறைத்து நிற்கும். செயினின் இரு முனைகளையும் இணைக்கும் மாஸ்டர் பின் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, ஒரு பின்னின் விளிம்பிலிருந்து ஐந்தாவது பின்னின் அதே விளிம்பு வரை அளக்க வேண்டும். நான்கு பிட்ச் வரும் (அடுத்தடுத்த இரண்டு பின்களுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு பிட்ச்). டி-50 வகையில் ஒரு பிட்ச் 175 மி.மீ. சொச்சம், அதாவது புதுச் செயினில் நான்கும் சேர்ந்து 700 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே. உங்கள் அளவு எவ்வளவு கூடியிருக்கிறது என்று மேனுவலில் உள்ள தேய்மான அட்டவணையோடு ஒப்பிடுங்கள். பிறகு காலிப்பரால் புஷ்ஷின் வெளிவிட்டத்தை அதிகம் தேய்ந்த இடத்தில் எடுங்கள். அதற்கு முன் கிரீஸைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று உருண்டையாக இருக்கும், பல் உரசும் பக்கம் மட்டும் குழி விழுந்து ஓரத்தில் படி மாதிரி தட்டும்.

இந்த ஒருபக்கத் தேய்மானம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இரண்டாவது வாய்ப்பு. பின்னையும் புஷ்ஷையும் பிரஸ்ஸில் கழற்றி 180 டிகிரி திருப்பிப் போட்டால், உள்ளேயும் வெளியேயும் தேயாத முகம் வேலைக்கு வரும். நீண்டுபோன பிட்ச் ஏறக்குறைய பழைய அளவுக்குத் திரும்பும். செயினின் வாழ்நாளில் இதை ஒரே ஒரு முறைதான் செய்ய முடியும். அதையும் சரியான நேரத்தில் செய்ய வேண்டும். புஷ்ஷின் மேல்தோல் சில மி.மீ. ஆழம்தான் கடினப்படுத்தப்பட்டது. அது கரைந்தபின் உள்ளிருக்கும் இரும்பு மளமளவென்று போகும், விரிசலும் விடும். விரிசல் விட்ட புஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை. லிங்க் உயரமும் ரோலர் விளிம்பும் அட்டவணைக்குள் இருந்து, புஷ் மட்டும் எல்லையை நெருங்கியிருந்தால், இந்த மாதமே திருப்புங்கள். மழை முடியட்டும் என்று தள்ளிப்போட்டால் வாய்ப்புப் போய்விடும். மாறாக லிங்க்கும் சேர்ந்து தேய்ந்திருந்தால் திருப்பும் கூலி வீண். அப்போது புதுச் செயினும் புது ஸ்ப்ராக்கெட்டும் ஒன்றாகத்தான் போக வேண்டும். கூர்மையாகிவிட்ட பழைய பல்லில் புதுச் செயினைப் போடவே போடாதீர்கள், புது புஷ்ஷை அது அரித்துவிடும்.

மலையில் தேய்மானம் சமமாக இருக்காது. நாம் மண்ணை இறக்கத்தில் தள்ளிவிட்டு, ஏற்றத்தில் பின்னோக்கி ஏறுகிறோம். பின்னால் போகும்போதுதான் புஷ் பளுவோடு பல்லின்மேல் உரசித் திரும்புகிறது, அதனால் இங்கே புஷ்ஷுக்கு இரட்டை அடி. மூக்கு கீழ்நோக்கி இருப்பதால் எடை முன்பக்க ரோலர்களிலும் ஐட்லரிலும் (செயின் சுற்றி வரும் முன்சக்கரம்) விழுகிறது. சரிவை ஒட்டி ரோடு வெட்டும்போது பள்ளத்துப் பக்கச் செயின் ரோலர் விளிம்பில் சாய்ந்தே ஓடும். உங்கள் இடது பக்கம்தான் பெரும்பாலும் பள்ளத்துப் பக்கமாக இருந்ததா என்று ஆபரேட்டரிடம் கேளுங்கள், பதில் அங்கேயே இருக்கலாம். முடிந்த இடத்தில் திசையை மாற்றி வெட்டச் சொல்லுங்கள். சும்மா ரிவர்ஸில் பறக்கும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லுங்கள். சரிவில் நின்ற இடத்திலேயே திருப்புவதும் செயின் கழல ஒரு காரணம்.

செயின் தொய்வில் நம் ஊரில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நம் செம்மண் களி ஸ்ப்ராக்கெட் பல்லுக்குள் அடைத்துக்கொண்டால் செயின் தானாகவே இறுகும். தண்ணீர் அடித்துக் கழுவிய பிறகு தொய்வைப் பார்த்து இறுக்கினால், வேலையில் அது நாண் ஏற்றிய வில்லாகிவிடும். வேலை செய்யும் சேற்றோடு நிறுத்தி, ஐட்லருக்கும் மேல் ரோலருக்கும் நடுவே நேர்கம்பி வைத்து அளக்க வேண்டும். இந்த வகை வண்டியில் 20 முதல் 30 மி.மீ. தொய்வு இருக்க வேண்டும். சாயங்காலம் மண்ணை மட்டும் மண்வெட்டியால் தட்டி எடுத்துவிடுங்கள், காய்ந்தால் ரோலரைச் சுற்றவிடாமல் பிடித்துக்கொள்ளும். சுற்றாத ரோலர் ஒரு பக்கம் தட்டையாகும்.

ரோலர்களில் எண்ணெய் கசிகிறதா என்று காலையில் பாருங்கள். ரோலர் பக்கத்தில் மண் கறுத்து ஈரமாக ஒட்டியிருந்தால் சீல் போச்சு. அந்த ரோலரை மட்டும் மாற்றினால் போதும். தேய்ந்த ரோலரையும் ஐட்லரையும் கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் வெல்டிங்கில் கட்டிக் கடைந்து கொடுப்பார்கள். ஷூவின் (தரையில் பதியும் செயின் தகடு) பட்டை தேய்ந்திருந்தால் மேலே பட்டை வைத்து வெல்டு செய்யலாம். செயின் லிங்க்கில் கைவெல்டிங் மட்டும் வேண்டாம், சூட்டில் சீல் கருகும், கடினமும் போகும்.

இதையெல்லாம் அக்டோபருக்கு முன் முடியுங்கள். கோத்தகிரியில் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில்தான். 2009 நவம்பரில் நீலகிரி மண்சரிவில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நனைந்த சரிவில் செயின் கழன்ற டோசரை யாராலும் எளிதில் மீட்க முடியாது. இங்கே மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதியும் வேண்டும், அதையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு பிட்ச் அளவு, புஷ் விட்டம், லிங்க் உயரம் மூன்றையும் இடது, வலது இரண்டு பக்கமும் எடுத்து, வண்டியின் மாடல் எண்ணோடு எழுதுங்கள். திருப்பலாமா, மாற்றலாமா என்று பார்த்துச் சொல்கிறேன்.