பாட்டியின் 1957 தாவணி

கேள்வி: அடுத்த மாதம் என் பாட்டிக்கு 85 வயது நிறைகிறது. 1957-இல் நாகர்கோவில் ஸ்டுடியோ ஒன்றில், தாவணி உடுத்தி அவர் எடுத்துக்கொண்ட கறுப்பு வெள்ளைப் படம் டிரங்குப் பெட்டியில் கிடைத்தது. அதே மாதிரி உடுத்திக்கொண்டு அவர் முன்னால் போய் நிற்க ஆசை. "ரெடிமேட் செட் வாங்கிக்கோ, யாரு பார்க்கப் போறா?" என்கிறார் அம்மா. என்ன துணி எடுப்பது, எப்படித் தைப்பது? படத்தில் பக்கத்தில் நிற்கும் பூட்டி (பாட்டியின் அம்மா) மட்டும் வெள்ளை உடுத்தியிருப்பது ஏன்?
- கல்லூரி மாணவி, தக்கலை

பதில்: யாரு பார்ப்பாளா? உன் பாட்டி பார்ப்பாள், மக்களே! ரெடிமேட் வேண்டவே வேண்டாம். இன்று 'ஹாஃப் ஸாரி' என்று விற்கும் ஜரிகை, கேன்கேன் சமாச்சாரத்துக்கும் அந்தப் படத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

பாவாடைக்குப் பூப்போட்ட சீட்டித் துணி எடு. இடுப்பில் நெருக்கமாகச் சுருக்கு வைத்து, கணுக்கால் வரை தைக்கச் சொல். அடியில் இரண்டு வரி டக், அதாவது துணியை மடித்துப் போடும் தையல், மறக்காதே. வளர்கிற பெண்ணுக்கு வருஷத்துக்கு ஒரு டக்காகப் பிரித்துவிடுவார்கள். பிரித்த இடத்தில் சாயம் போகாத புதுக் கோடு ஒன்று தெரியும். என் அக்காவின் பாவாடை எனக்கு வந்து சேரும்போது அதில் இப்படி மூன்று கோடு இருக்கும்.

தாவணிக்கு வாயில் (voile) என்கிற மெல்லிய பருத்தித் துணி போதும். நைலான் அப்போது தலைகாட்டத் தொடங்கியிருந்தாலும், சாதாரண வீட்டுப் பெண்ணுக்குப் பருத்திதான்.

ஜம்பரில்தான், அதாவது ரவிக்கையில்தான், தையல்காரர்கள் கோட்டை விடுவார்கள். இப்போது முதுகை இறக்கி, உயரத்தைக் குறைத்து வெட்டியே கைப்பழக்கம் ஆகிவிட்டது. உனக்கு ஏறின கழுத்து வேண்டும், ஜம்பர் இடுப்பைத் தொட வேண்டும், கொக்கி முன்பக்கம். கை பஃப் கையா, முழங்கை வரை இறங்கும் நேர்க் கையா என்பதைப் படத்தைப் பார்த்து முடிவு செய். இரண்டுமே அன்று உண்டு.

பூட்டியின் வெள்ளை முண்டும் நேரியதுமாக இருக்கும்; இடுப்புக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று என்று இரண்டு துண்டாக உடுத்தும் மலையாள நாட்டு உடுப்பு. உங்கள் கல்குளம் பக்கம் அது சாதாரணம். குமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது 1956 நவம்பர் 1-இல். அந்தத் தேதியைப் பார்த்தா பூட்டி துணி மாற்றுவார்? காதையும் உற்றுப் பார், பாம்படம் தொங்கினாலும் தொங்கும்.

ஒன்று சொல்லட்டுமா, நம் மண்ணில் ஜம்பர் சின்ன விஷயம் இல்லை. மேலாடை போட்டதற்காக நாடார் பெண்கள் அடிபட்டார்கள்; அவர்கள் துணி கிழிக்கப்பட்டது. 1822-இல் தொடங்கிய தோள்சீலைப் போராட்டம் அது. 1859 ஜூலை 26-இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கிவந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை. பூட்டிக்குப் பூட்டி காலத்துக் கதை, ரொம்ப தூரம் இல்லை.

தலைக்கு இரட்டைச் சடை, மடித்து ரிப்பன் கட்டு. பிச்சிப்பூவுக்குத் தோவாளைப் பூச்சந்தை இருக்கிறது, கவலை இல்லை.

நிறம்தான் சிக்கல். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பலாகத் தெரியலாம். பாட்டியிடம்தான் கேட்க வேண்டும். படத்தைக் காட்டாமல், சாயங்காலம் பூக் கட்டிக்கொண்டிருக்கும்போது, "பாட்டி, சின்ன வயசில் உங்களுக்குப் பிடிச்ச பாவாடை என்ன நிறம்?" என்று பேச்சோடு பேச்சாகக் கேள். துணி எடுக்க அதற்கப்புறம் போனால் போதும்.