முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடுமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 62. டாக்சி ஓட்டுகிறார். இடுப்பிலிருந்து இடது கால் பெருவிரல் வரை சுண்டி இழுக்கும் வலி எட்டு மாதமாக இருக்கிறது. மாத்திரை, பிசியோ எல்லாம் பார்த்தாயிற்று. எம்ஆர்ஐ பார்த்த டாக்டர், நரம்பு வேர் அழுந்தியிருக்கிறது, 'நெர்வ் பிளாக்' (அந்த நரம்பை மரக்கச் செய்யும்) ஊசி போட்டுப் பார்க்கலாம் என்கிறார். இவருக்கு நீரிழிவு உண்டு. போன வருஷம் இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் குளோபிடோக்ரல் மாத்திரை சாப்பிடுகிறார். "முதுகில் ஊசி போட்டால் கால் விழுந்துவிடும்" என்று காப்பிக்கடையில் ஒரு கூட்டாளி சொல்லிவிட்டார். அதிலிருந்து ஊசி என்றாலே பயப்படுகிறார். பக்கவிளைவுகள் என்னென்ன? - சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வாசகி

பதில்: கூட்டாளி சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஊசி போட்டு அரை மணி நேரத்தில் எழுந்து நிற்கச் சொன்னால் சிலருக்கு முட்டி மடிந்துவிடும். "டாக்டர், இது என் கால் மாதிரியே இல்லையே" என்பார்கள். ஊசியில் இருக்கும் மரப்பு மருந்து வலியைக் கடத்தும் இழைகளோடு தசையை அசைக்கும் இழைகளையும் தூங்க வைத்துவிடுவதுதான் காரணம். சில மணி நேரத்தில் விலகிவிடும். இந்தச் சமயத்தில் ஆபத்து ஊசியால் வருவதில்லை, கழிவறைக்குத் தனியாக எழுந்து போவதால் வருகிறது. அன்று முழுக்க யாராவது கூடவே இருங்கள்.

நிரந்தரமாகக் கால் செயலிழந்து போவது வேறு விஷயம். அது மிக மிக அரிது. ஆனால் நடக்கவே நடக்காது என்று நான் எந்த நோயாளியிடமும் சொல்வதில்லை. இந்த ஊசியில் மரப்பு மருந்தோடு ஸ்டீராய்டும் சேரும். முதுகுத்தண்டைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியால் அரிதாகப் பார்வை இழப்பு, பக்கவாதம், செயலிழப்பு, மரணம்கூட நேரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2014ல் எச்சரித்தது. முக்கியமான அச்சம், மருந்து தவறுதலாக ரத்தக் குழாய்க்குள் போய், தண்டுவடத்துக்கோ மூளைக்கோ போகும் ரத்தத்தை அடைத்துவிடுமோ என்பதுதான். கழுத்துப் பகுதியில் இந்த அபாயம் அதிகம், இடுப்பில் குறைவு. அதனால்தான் கண்ணை மூடிக்கொண்டு குத்துவதில்லை. எக்ஸ்ரே திரையில் ஊசி முனையைப் பார்த்து, முதலில் கொஞ்சம் சாய மருந்து செலுத்தி, அது நரம்பை ஒட்டிப் பரவுகிறதா, ரத்தக் குழாயில் ஓடி மறைகிறதா என்று பார்த்த பிறகுதான் மருந்து உள்ளே போகும். சாய மருந்தோ வேறு மருந்தோ முன்பு ஒவ்வாமல் போயிருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

ஊசி போடும்போது நான் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பேன். "காலையில் என்ன பசியாறினீர்கள்? பேரப்பிள்ளை எந்தப் பள்ளி?" மரியாதைக்காக மட்டும் கேட்பதில்லை. மரப்பு மருந்து ரத்தத்தில் அதிகமாகக் கலந்தால் முதலில் நாக்கு மரக்கும், வாயில் இரும்புச் சுவை தட்டும், காதில் ரீங்காரம் கேட்கும், பேச்சு குழறும். முற்றினால் வலிப்பு வரும், இதயத் துடிப்பு தடுமாறும். அதற்கு மாற்று மருந்தாக 20 விழுக்காட்டுக் கொழுப்புக் கரைசல் ஒன்று இருக்கிறது. நரம்பு வேருக்குப் போடுவது ஓரிரு மில்லிலிட்டர்தான் என்பதால் இது அபூர்வம். இருந்தாலும் வாய் ஒருமாதிரி இருந்தாலோ, காலில் மின்சாரம் பாய்ந்தது போல் வெட்டினாலோ உடனே சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுமையாக இருப்பது இங்கே உதவாது.

சரி, உங்கள் கணவர் விஷயத்தில் என்னை யோசிக்க வைப்பது காப்பிக்கடை பயம் அல்ல. நீங்கள் போகிற போக்கில் எழுதிய இரண்டு விஷயங்கள்தான்: நீரிழிவும் குளோபிடோக்ரலும்.

முதலில் சர்க்கரை. வீக்கத்தைக் குறைக்கச் சேர்க்கும் ஸ்டீராய்டு, கல்லீரலை அதிகச் சர்க்கரை வெளிவிடச் செய்யும், இன்சுலினின் வேலையையும் மந்தப்படுத்தும். காலையில் 7, 8 (mmol/L கணக்கில்) காட்டும் மீட்டர் அடுத்த நாள் 14, 15 என்று காட்டினால் மீட்டர் கெட்டுப்போய்விட்டதோ என்று நினைக்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், பெரும்பாலும் ஒரு வாரத்தில் இறங்கிவிடும். அதுவரை நாளைக்கு மூன்று நான்கு தடவை விரல் நுனியில் குத்திப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்ட வேண்டாம், பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 20க்கு மேல் ஏறினாலோ, கடும் தாகமும் வாந்தியும் சேர்ந்தாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். தீபாவளிப் பலகார வாரத்தில் ஊசித் தேதி விழுந்தால் மாற்றிக் கேட்பது தப்பில்லை. ஏற்கெனவே சர்க்கரை எகிறியிருந்தால் நாங்களே தள்ளிப்போடுவோம். கிருமித் தொற்றும் எளிதில் வரும் என்பதால்.

அடுத்து குளோபிடோக்ரல். இது ரத்தத் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்வதை அவற்றின் ஆயுள் முழுக்கத் தடுத்துவிடும். கையில் ரத்தம் கசிந்தால் அழுத்திப் பிடிக்கலாம். முதுகெலும்புக் குழாய்க்குள் கசிந்தால் அழுத்த வழியில்லை, தேங்கும் ரத்தம் நரம்பைத்தான் அழுத்தும். ஆகவே இந்த வகை ஊசிக்கு முன் சாதாரணமாக 7 நாள் நிறுத்தச் சொல்வோம். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் அதைத் தன் இஷ்டத்துக்கு நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பே வரலாம். வைத்து ஒரு வருஷம் ஆகவில்லையென்றால் பல இதய மருத்துவர்கள் நிறுத்தச் சம்மதிக்க மாட்டார்கள். அப்போது ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் சரி. கால்வலி தாங்க முடியாததுதான், ஆனால் அது உயிரை எடுக்காது. இதய மருத்துவரும் வலி மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். மருந்துச் சீட்டில் இல்லாததையும் சொல்லுங்கள்: மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை, சீன மருந்துக்கடையில் வாங்கும் வேர், பொடி எல்லாமே கணக்கில் வரும். இதையெல்லாம் யாரும் தாமாகச் சொல்வதில்லை என்பது என் நெடுநாள் குறை.

மற்றவை சில்லறைத் தொல்லைகள். குத்திய இடத்தில் வலி, ஓரிரு நாள் முகம் சிவப்பது, முதல் இரவு தூக்கம் வராமல் புரள்வது. சிலருக்கு விக்கல் பிடித்துக்கொள்ளும், அதுவும் ஸ்டீராய்டின் வேலைதான். ஊசி தண்டுவட உறையைத் துளைத்துவிட்டால் எழுந்து உட்காரும்போது மண்டை பிளப்பது போல் வலித்து, படுத்தால் விட்டுவிடும். அதற்குச் சிகிச்சை உண்டு, தெரிவித்தால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பலர் ஏமாறுவது இங்கேதான். ஊசி போட்ட அன்று மாயம் போல வலி போய்விடும். மறுநாள் திரும்ப வந்து நிற்கும். "காசு தண்டம்" என்று அன்றைக்கே கோபப்படுகிறார்கள். மரப்பு மருந்து கலைந்துவிட்டது, ஸ்டீராய்டு இன்னும் வேலையைத் தொடங்கவில்லை, அவ்வளவுதான். அதற்குச் சில நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகலாம். கிடைக்கும் நிவாரணமும் சில வாரமோ சில மாதமோதான். சிலருக்குக் கேட்காமலும் போகலாம். வலி அடங்கியிருக்கும் நாட்களில் பிசியோ பயிற்சியைப் பிடித்துக்கொண்டால்தான் ஊசிக்குப் பலன். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவைக்கு மேல் போடுவதை நான் விரும்புவதில்லை.

சிறுநீர் வரவில்லை, தொடை இடுக்கும் ஆசனவாயும் மரத்துப்போகின்றன, அன்றிரவு தாண்டியும் கால் பலம் குறைந்துகொண்டே போகிறது, முதுகுவலி மணிக்கு மணி கூடுகிறது, காய்ச்சல் அடிக்கிறது - இதில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், நடக்க முடியவில்லையென்றால் ஆம்புலன்ஸுக்கு 995ஐ அழையுங்கள்.

அப்புறம், ஊசி போட்ட அன்றும் மறுநாளும் இவர் டாக்சியை எடுக்கக் கூடாது. வண்டி ஓட்டும்போது ஒரு கால் பாதி தூக்கத்தில் இருந்தால் என்ன ஆகும் என்று அவருக்கே தெரியும். வீட்டுக்கு அழைத்து வர அந்தக் காப்பிக்கடைக் கூட்டாளியையே வண்டியோடு வரச் சொல்லுங்கள். கால் விழுந்ததா இல்லையா என்று அவரும் நேரில் பார்த்துக்கொள்ளட்டும்.