உள்ளாட்சித் தேர்தலில் பணமும் செல்போனும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ஊராட்சித் தேர்தல் பணப் பட்டுவாடாவை சி-விஜில் செயலியில் புகார் செய்யலாமா?

பதில்: பயனில்லை. அது இந்தியத் தேர்தல் ஆணையத்தின் செயலி; சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல்களுக்கானது. உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம். தேர்தல் நடத்தும் அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள்.

கேள்வி: வீடியோ கொடுத்தும் போலீசார் வழக்குப் பதியவில்லையே?

பதில்: ஓட்டுக்கு லஞ்சம் கொடுத்தால் பாரதிய நியாய சன்ஹிதா (புதிய தண்டனைச் சட்டம்) 173-ன்படி ஓராண்டு வரை சிறை. ஆனால் மாஜிஸ்திரேட் அனுமதியில்லாமல் போலீசார் புலனாய்வு செய்ய முடியாத வகைக் குற்றம் அது. அந்த அனுமதியைக் கேட்டுப் பெறும்படி மனுவிலேயே எழுதுங்கள்.

அடுத்தது வீடியோ. வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் கோப்பு சுருங்கி, எடுத்த நேரம், இடம் பற்றிய பதிவுகள் அழிந்துவிடும். கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்ணும் மாறிவிடும். மின்னணு ஆதாரத்துக்குச் சாட்சிய அதிநியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) கேட்கும் சான்றிதழில் அந்த எண்ணைக் குறிக்க வேண்டும். அதனால் எடுத்த போனிலேயே மூலக் கோப்பு இருக்கட்டும், வெட்டாதீர்கள். கொடுப்பவர் முகம், தெருப் பலகை, எந்த வேட்பாளருக்கு என்ற பேச்சு மூன்றும் ஒரே பதிவில் வரவேண்டும். பணம் கைமாறுவது மட்டும் தெரிந்தால், "வாங்கிய கடனைக் கொடுத்தேன்" என்று தப்பிவிடுவார்கள்.

கேள்வி: ஜிபே-யில் போட்டுவிட்டால்?

பதில்: யுடிஆர் எனும் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் தடமாக நிற்கும். ஆனால் வேட்பாளர் கணக்கிலிருந்தா போடுவார்கள்? யாரோ கடைக்காரர் கணக்கிலிருந்து வரும். ஸ்கிரீன்ஷாட் போதாது, வங்கி முத்திரையிட்ட கணக்கு அறிக்கை வேண்டும். கேட்காமலே வந்து விழுந்திருந்தால் தொடாமல், அன்றே வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் எழுதிக் கொடுங்கள். ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் குற்றமே.

கேள்வி: எங்கள் வீட்டில் நாலு ஓட்டு என்று அவர்களுக்கு எப்படித் தெரிகிறது?

பதில்: வாக்காளர் பட்டியலில் வீட்டு எண் இருக்கிறதே. இந்தியத் தேர்தல் ஆணையம் 2018 முதல் அதைப் படக் கோப்பாகத்தான் வெளியிடுகிறது. படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் ஓசிஆர் மென்பொருள் அதையும் எக்செல் பட்டியலாக்கிவிடுகிறது.

கேள்வி: போட்ட ஓட்டைப் படம் எடுத்துவரச் சொன்னால்?

பதில்: எனக்குப் பெரிய அச்சமே இதுதான். பணம் வாங்கியவர்கூட மனதுக்குப் பட்டவருக்குப் போடலாம் என்றால், அதற்கு மறைவு ஒன்றே காவல். போன் உள்ளே போனால் அந்த மறைவு போயிற்று. ஊரகத் தேர்தலில் வாக்குச்சீட்டுதான். முத்திரை குத்திய சீட்டை மடிக்குமுன் ஒரு நொடி போதும். சில நூறு ஓட்டுள்ள வார்டில் பத்து ஓட்டு முடிவை மாற்றிவிடும். இத்தாலியில் 2008-லேயே வாக்குச்சாவடிக்குள் போனைச் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். இங்கே எல்லா வேட்பாளர்களின் முகவர்களும் சேர்ந்து, வாக்குப்பதிவு தொடங்குமுன்பே, போன்களை வாசலில் வாங்கி வைக்கும்படி வாக்குச்சாவடி தலைமை அலுவலரிடம் எழுதிக் கேளுங்கள்.