ரேட்டிங் ஏறாத சேனலுக்கு நட்சத்திர கேம் ஷோ தேவையா?

வணக்கம். ஒன்றரை வருடமாக ஓடும் தமிழ்ப் பொழுதுபோக்கு சேனல், ரேட்டிங் இல்லை, பெரிய நடிகரை வைத்து கேம் ஷோ எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

முதலில், டிவி ரேட்டிங்கை அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் தரவில் ரீச்சையும் (எத்தனை பேர் சேனலை எட்டிப் பார்த்தார்கள்), சராசரியாகப் பார்த்த நேரத்தையும் தனித்தனியாக எடுங்கள். ரீச்சே இல்லையென்றால் குறை விநியோகத்தில். அரசு கேபிள், தனியார் எம்எஸ்ஓ (பெரிய கேபிள் நிறுவனங்கள்), டிடிஎச் ஒவ்வொன்றிலும் உங்கள் சேனல் எண் எங்கே என்று ரிமோட்டில் தட்டிப் பாருங்கள். பக்திச் சேனல்களுக்கு நடுவே கிடந்தால் சீரியல் பார்ப்பவர் கண்ணில் படாது. லேண்டிங் பேஜ், அதாவது செட்டாப் பாக்ஸ் போட்டதும் முதலில் வரும் இடத்தை, வாங்கச் சொல்வார்கள்; பாக்ஸ் போட்டதும் உங்கள் சேனல் தெரியும், அடுத்த நொடியே பார்ப்பவர்கள் மாற்றிவிடுவார்கள். காசுக்குக் கேடு.

பலர் கவனிக்காத ஒன்று: ரேட்டிங்குக்காக வீடுகளில் வைத்திருக்கும் மீட்டர் உங்கள் சேனலை அடையாளம் காண்பது ஒலியில் பதிக்கப்படும் வாட்டர்மார்க்கை (காதுக்குக் கேட்காத அடையாளக் குறியை) வைத்து. நிகழ்ச்சிகளை ஒளிபரப்பும் மாற்று அமைப்பான பேக்கப் பிளேஅவுட்டுக்கு மாறும்போது, அந்தக் குறியைப் பதிக்கும் எம்பெடர் கருவி விடுபட்டால், பார்த்தவர்களும் கணக்கில் வரமாட்டார்கள். எம்சிஆரில் (ஒளிபரப்பின் மையக் கட்டுப்பாட்டு அறையில்) இன்றே கேளுங்கள்.

ரீச் இருந்தும் நேரம் குறைவென்றால் நிமிடவாரித் தரவைப் பாருங்கள். 8 மணித் தொடர் 8:07க்குத் தொடங்குகிறதா? முன்னணி சேனல் விளம்பரம் விடும்போதுதான் ரிமோட் உங்கள் பக்கம் வரும்; அந்நேரம் நீங்களும் விளம்பரத்தில் இருந்தால் வந்தவர் நிற்கமாட்டார். இடைவேளையை நான்கைந்து நிமிடம் தள்ளுங்கள். விளம்பரத்தில் ஒலி அலறினாலும் ஓடிவிடுவார்கள், எல்லாவற்றையும் −23 எல்யூஎஃப்எஸ்ஸில் (காதுக்குக் கேட்கும் ஒலி உரப்பின் அளவு) வையுங்கள்.

பிறகு ஒரே ஒரு மணி நேரத்தை, திங்கள் முதல் சனி வரை, 13 வாரம் மாற்றாமல் ஓட்டுங்கள். மூன்றாம் வாரமே நேரத்தை மாற்றச் சொல்லி விற்பனைப் பிரிவு நெருக்கும், விடாதீர்கள்.