பைலட் ஏன் டவர் சொன்னதையே திருப்பிச் சொல்றாரு?

இதுக்குப் பேரு ரீட்பேக். எவ்வளவு உயரம், எந்த ரன்வே, டேக்ஆஃப் அனுமதின்னு டவர்ல, அதாவது ஏர்போர்ட் கட்டுப்பாட்டுக் கோபுரத்துல இருந்து வர்ற முக்கியமான உத்தரவுகளை பைலட் அப்படியே திருப்பிச் சொல்லணும், தப்பா சொன்னா அங்க இருக்கிற கன்ட்ரோலர் உடனே திருத்தணும். ஹோட்டல்ல சப்ளையர் "ரெண்டு இட்லி, ஒரு நெய் ரோஸ்ட், அவ்ளோதானே சார்"னு கேட்டுட்டுப் போவாரே, அதே கதைதான்.

ஏன் இவ்வளவு கெடுபிடின்னா, அந்த ரேடியோவுல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும், ரெண்டு பேர் ஒண்ணா பேசினா கீச்சுன்னு சத்தம்தான் வரும். 1977 மார்ச் 27, ஸ்பெயினோட டெனெரிஃப் தீவு ஏர்போர்ட், ரன்வேயே தெரியாத மூட்டம். கேஎல்எம்ங்கிற நெதர்லாந்து கம்பெனியோட பைலட் டேக்ஆஃப்ல இருக்கோம்ங்கிற மாதிரி எதையோ சொல்ல, டவர் "ஓகே... இருங்க, நானே கூப்பிடுறேன்"னு சொல்ல, அதே செகண்ட்ல பான் ஆம்ங்கிற அமெரிக்கக் கம்பெனியோட விமானம் "நாங்க இன்னும் ரன்வேலதான் இருக்கோம்"னு கத்த, கேஎல்எம்முக்குத் தெளிவா கேட்டது அந்த "ஓகே" மட்டும்தான். ரெண்டு விமானமும் மோதி 583 பேர் செத்துட்டாங்க. அதுக்கப்புறம்தான் டேக்ஆஃப்ங்கிற வார்த்தையை அனுமதி குடுக்கவோ ரத்து பண்ணவோ மட்டும் சொல்லணும், மத்த நேரம் டிபார்ச்சர்னு சொல்லணும்னு மாத்தினாங்க.

இங்கிலீஷ் வராதவங்களுக்குத்தான் இந்தப் பிரச்சனைன்னு நெறைய பேர் நினைக்கிறாங்க, இல்லைங்க, இங்கிலீஷே தாய்மொழியா இருக்கிற ரெண்டு பேருக்குள்ளயும் நடக்குது, ஏன்னா நாம எதை எதிர்பார்த்துட்டு இருக்கோமோ அதுதான் காதுல விழும்.