பழைய குழுவின் அழைப்புகள் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

ஆறு வருடம் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு முழுக்க என் பொறுப்பு. நானே விண்ணப்பித்து, அதே நிறுவனத்தில் திட்டமிடல் பிரிவுக்கு மாறி நான்கு மாதம் ஆகிறது. ஆனால் பழைய பிரிவு விட்டபாடில்லை. ‘ஒரே ஒரு சந்தேகம்’ என்று தினமும் நாலைந்து செய்திகள். மாதக் கடைசியில் இரவு பத்து மணிக்கும் போன் வரும். போன வாரம் பழைய மேலாளர், ‘உங்க லாகின் இன்னும் வேலை செய்யுது, இந்த மூணு என்ட்ரிக்கு மட்டும் அப்ரூவல் போட்டுடுங்க’ என்றார். போட்டுவிட்டேன். என் இடத்துக்கு வந்த பெண் நல்லவர்தான், இன்னும் பழகவில்லை. நேற்று புதிய மேலாளர், ‘நீங்க எந்த டீம்ல இருக்கீங்க?’ என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. முடியாது என்று சொன்னால் நன்றி கெட்டவன் ஆகிவிட மாட்டேனா? எனக்கு வேலை கற்றுக்கொடுத்ததே அவர்கள்தான்.

எம்.

*

அன்புள்ள எம்.,

உங்கள் கடிதத்தில் இரண்டு மேலாளர்களும் பேசுகிறார்கள். உங்கள் இடத்துக்கு வந்த பெண்ணுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது. அவரிடமிருந்து தொடங்குகிறேன். இதில் அதிகம் இழந்துகொண்டிருப்பவர் அவர்தான் என்று எனக்குப் படுகிறது.

ஒரு தொகை ஒத்துப்போகவில்லை. குழுவில் ஒருவர் அந்தப் பெண்ணின் மேசையைத் தாண்டி உங்களுக்குச் செய்தி அனுப்புகிறார். ‘அது போன மாத ப்ரொவிஷன், ரிவர்ஸ் பண்ணாம விட்டிருப்பாங்க’ என்று, அதாவது வரப்போகும் செலவுக்கு முன்கூட்டியே எழுதிவைத்த தொகையைத் திருப்பி எழுதாமல் விட்டிருப்பார்கள் என்று, இரண்டு நிமிடத்தில் நீங்கள் பதில் போடுகிறீர்கள். கணக்கு நேராகிவிடுகிறது. என்ன நடந்தது என்பதே அவருக்குத் தெரியாது. அடுத்த மாதமும் அதே இடத்தில் அதே சிக்கல் வரும், மறுபடியும் உங்களிடம்தான் வருவார்கள். ஆண்டு மதிப்பீட்டில் ‘இன்னும் பழகவில்லை’ என்று அவர் பெயருக்கு நேரே எழுதுவார்கள். அவர் பழகியிருக்கக்கூடிய சந்தர்ப்பங்கள் எல்லாம் உங்கள் போனுக்கு வந்துவிட்டன என்பது அந்தத் தாளில் இருக்காது.

விமானம் ஓட்டப் பயிற்சி கொடுக்கும்போது, கட்டுப்பாட்டை ஒருவர் இன்னொருவரிடம் கொடுக்க மூன்று படி வைத்திருக்கிறார்கள். கொடுப்பவர் ‘கட்டுப்பாடு உங்களிடம்’ என்கிறார். வாங்குபவர் ‘என்னிடம்’ என்கிறார். கொடுத்தவர் மறுபடியும் ‘உங்களிடம்’ என்று உறுதி செய்கிறார். இருவருமே ஓட்டுகிறார்கள், அல்லது இருவருமே ஓட்டவில்லை என்ற நிலை ஒரு கணம்கூட வரக்கூடாது என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு. உங்கள் விஷயத்தில் முதல் படியே சொல்லப்படவில்லை. இடமாற்ற ஆணை வந்தது, நீங்கள் மேசை மாறினீர்கள், வேலை கை மாறவில்லை.

ஆகவே தொடர்பை அறுத்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். பாதியில் நிற்கும் ஒப்படைப்பை முடியுங்கள் என்பேன். அதற்கான பொருள் உங்களிடமே இருக்கிறது. நான்கு மாதமாக வந்த செய்திகளை ஒரு மாலை உட்கார்ந்து முழுக்கப் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் கொஞ்சமாகத்தான் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை ‘எப்படி’ என்று கேட்காமல் ‘ஏன்’ என்று கேட்பவையாக இருக்கும். இந்த வாடிக்கையாளருக்கு மட்டும் ஏன் தனி வரி? எக்செல்லில் மஞ்சள் அடித்த வரிகளை ஏன் தொடக்கூடாது? வேலையைச் செய்யும் முறையை எல்லோரும் குறிப்பில் எழுதிவைப்பார்கள். காரணம் மட்டும் மண்டைக்குள் தங்கிவிடும், ஏனென்றால் ஆறு வருடம் பார்த்தவருக்கு அது காரணமாகவே தெரியாது. அந்தக் கேள்விகளுக்கு நாலைந்து பக்கத்தில் பதில் எழுதி அந்தப் பெண்ணிடம் கொடுங்கள். குழுவுக்குப் பொதுவாக அனுப்ப வேண்டாம், அவர் கையில் கொடுங்கள். பிறகு கேட்பவர்கள் அவரிடம் போக ஒரு காரணம் இருக்கும்.

இதற்கு முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. அந்த அப்ரூவல். இதில் நான் கடுமையாகவே சொல்கிறேன்: இனி ஒன்றுகூடப் போடாதீர்கள். நாளைக்கே உங்கள் பழைய அனுமதிகளை நீக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். போட்ட மூன்றையும் இப்போது அந்தப் பொறுப்பில் இருப்பவர் பார்த்து உறுதி செய்யட்டும். தணிக்கையில் அந்த என்ட்ரிகள் உங்கள் பெயரில்தான் நிற்கும். பிரிவு மாறி நான்கு மாதம் ஆனவர் எந்த அதிகாரத்தில் ஒப்புதல் கொடுத்தார் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. நம்பிக்கையானவர்தானே என்று ஒருவர் கையில் பொருந்தாத இரண்டு பொறுப்புகளை விட்டுவைப்பதன் விலை கணக்குத் துறைக்கு நன்றாகவே தெரியும். 1995-இல் லண்டனின் பேரிங்ஸ் வங்கி மூழ்கியபோது நட்டம் சுமார் 82.7 கோடி பவுண்டு. அதன் சிங்கப்பூர் கிளையில் வர்த்தகம் செய்தவரே தன் வர்த்தகத்தின் கணக்கைத் தீர்க்கும் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. நேர்மையானவரைக் காப்பதற்கும் அந்தப் பிரிப்புதான் இருக்கிறது.

‘இரண்டு நிமிட வேலைதானே’ என்பதையும் நம்ப வேண்டாம். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும்போது கவனத்தின் ஒரு பகுதி பழைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009-இல் ஒரு கட்டுரையில் காட்டினார். பழைய வேலை முடியாமல் நின்றால் ஒட்டுதல் இன்னும் அதிகம். புதிய மேலாளர் கவனித்தது உங்கள் போனைப் பார்த்து மட்டும் இருக்காது.

இந்த உதவி எதுவரை என்ற காலக்கெடுவை நீங்கள் தனியாகப் பேரம் பேசாதீர்கள். இரண்டு மேலாளர்களும் பேசி முடிவெடுக்கட்டும். இன்னும் இரண்டு மாதக் கணக்கு முடிப்புகள் வரை, வாரம் அரை மணி, அந்தப் பெண்ணோடு மட்டும் என்று நீங்களே முன்மொழியுங்கள். ஆண்டுக் கணக்கு முடிப்பை அவர் இன்னும் பார்த்திருக்க மாட்டார். அதற்கு ஒரு நாள் கேட்டால் நியாயம், கொடுங்கள். இரவு பத்து மணி போனை எடுக்க வேண்டாம். சம்பளமே போகாமல் நிற்கிறது என்றால் வேறு விஷயம்.

நன்றி பற்றிக் கேட்டீர்கள். அவர்கள் உங்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தபோது, நீங்கள் தடுமாறியதைப் பொறுத்துக்கொண்டுதானே கற்றுக்கொடுத்திருப்பார்கள்? அந்தப் பொறுமையை இப்போது அந்தப் பெண்ணுக்கும் கொடுக்கச் சொல்கிறீர்கள், அவ்வளவுதான். அவர்களோடு காபி குடிக்கப் போங்கள். பேச்சு கணக்குக்குத் திரும்பினால், ‘அதை அவங்க பார்த்துக்குவாங்க’ என்று அவர் பெயரைச் சொல்லிவிட்டு வேறு பேசுங்கள்.

குழுவுக்கு அனுப்ப இரண்டு வரி போதும்: ‘மாதக் கணக்கு தொடர்பான கேள்விகளை இனி அவங்ககிட்ட கேளுங்க. அவங்களுக்கு என் உதவி தேவைப்பட்டா, வியாழக்கிழமை நாங்க உட்கார்ந்து பார்த்துக்கறோம்.’ ‘அவங்க’ என்ற இடத்தில் பெயரைப் போடுங்கள். மன்னிப்பு, விளக்கம் எதுவும் சேர்க்காதீர்கள். இதற்குப் பிறகும் ஒரு மணி நேரத்துக்குள் யாராவது ‘இது மட்டும்’ என்று கேட்பார்கள். பதில் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்கும், கை பரபரக்கும். பதில் எழுதாமல், அந்தச் செய்தியை அப்படியே அவருக்கு ஃபார்வர்ட் செய்துவிட்டு, உங்கள் வேலையைப் பாருங்கள்.