மட்ட அரிசியை எதில் வேகவைப்பது? தக்கலை வாசகிக்கு ஒரு பதில்

தக்கலையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் நாலு பேர். மாமிக்கு மட்ட அரிசி என்கிற தடித்த சிவப்புப் புழுங்கலரிசியைப் பானையில் போட்டு வடித்தால்தான் அது சோறு. வீட்டுக்காரர் சில வருஷம் சென்னையில் வேலை பார்த்தவர், அவருக்குப் பொன்னி அரிசி பழகிவிட்டது. மாமாவுக்குச் சர்க்கரை. இவர் காலை ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். பானையில் வைத்தால் ஒரு மணி நேரம் அடுப்படியிலேயே நிற்க வேண்டியிருக்கிறது, குக்கரில் வைத்தால் ஒருநாள் நடுவில் கல் மாதிரி நிற்கிறது, மறுநாள் குழைந்து கூழாகிவிடுகிறது, போதாததற்கு விசில் வழியாகக் கஞ்சி பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. "பேசாமல் கரண்ட் குக்கர் வாங்கிவிடலாமா? வடித்த சோறு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று மாமி சொல்வது நிஜமா?" இதுதான் கேள்வி.

கரண்ட் குக்கர் வாங்க வேண்டாம். உங்கள் வீட்டுக்கு அது சரிப்படாது. ராத்திரியே அரிசியை ஊறப் போட்டு, காலையில் பதினைந்து நிமிடம் கொதிக்கவிட்டு, அப்படியே, சூடு ஆறாமல் காக்கிற தெர்மல் குக்கருக்குள் இறக்கி மூடிவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள். ஏன் என்று சொல்கிறேன், ஏனென்றால் காரணம் தெரிந்துவிட்டால் எந்த அரிசி வந்தாலும் நீங்களே சமாளித்துக்கொள்வீர்கள். நான் 28 வருஷம் மனையியல் பாடம் நடத்தியவள், இந்தக் கேள்வியைப் பலவிதமாகக் கேட்டிருக்கிறேன், எல்லாவற்றிலும் ஒரே தவறுதான் ஒளிந்திருக்கும்: பாத்திரத்தை முதலில் தேர்ந்தெடுப்போம், அரிசியை யோசிக்க மாட்டோம்.

நாகர்கோவில் பக்கம் சம்பா என்றும், மேற்கே போகப் போக மட்ட அரிசி என்றும் சொல்கிற இந்தச் சிவப்பரிசி எப்படிப்பட்டது என்று பாருங்கள். நெல்லாக இருக்கும்போதே ஊறவைத்து, அவித்து, காயவைத்து, அப்புறம்தான் குத்துகிறார்கள். அவிக்கும்போதே உள்ளே இருக்கிற மாவுச்சத்து ஒருமுறை வெந்து, காயும்போது இறுகி, கண்ணாடி மாதிரி கெட்டிப்பட்டுவிடுகிறது. அதன்மேல் சிவப்புத் தவிட்டில் ஒரு பங்கு ஒட்டியே இருக்கிறது, வரிவரியாகத் தெரிகிறதே, அதுதான். தவிட்டில் எண்ணெய்ச் சத்து இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே இறங்காது. அரிசியும் தடி. ஆக, இந்த அரிசிக்கு வேண்டியது பெரிய தீ இல்லை, நேரம். தண்ணீர் நடுப்பகுதி வரைக்கும் போய்ச் சேர்வதற்கான நேரம். அந்த நேரத்தை நீங்கள் அடுப்பின் முன்னால் நின்று கொடுக்கலாம், அல்லது தூங்கும்போது ஊறப்போட்டுக் கொடுக்கலாம். ஊறாத மட்ட அரிசி பானையில் முக்கால் மணி நேரத்துக்குமேல் எடுக்கும். ஏழெட்டு மணி நேரம் ஊறியது அரை மணி நேரத்தில் வெந்துவிடும்.

குக்கரில் ஒருநாள் கல்லும் ஒருநாள் கூழும் ஆவதும் இதனால்தான். குக்கருக்குள் அழுத்தம் ஏறும்போது சூடு 100 டிகிரியைத் தாண்டி 120 டிகிரி பக்கம் போகிறது. ஊறாத அரிசிக்கு வெளிப்பக்கம் அந்தச் சூட்டில் சடசடவென்று வெந்து வெடித்துக் கரைகிறது, நடுவில் தண்ணீர் இன்னும் போய்ச் சேரவில்லை. நீங்கள் இரண்டு விசில் கூட வைக்கிறீர்கள், நடு வேகும்போது வெளிப்பக்கம் கூழ். அரிசிமேல் தப்பில்லை. கடையில் வாங்குகிற அரிசி புதுசா பழசா என்பதும் உண்டு. நம் குமரி மாவட்டத்தின் இரண்டாம் போகமான கும்பப்பூ அறுவடை முடிந்து மாசி, பங்குனியில் வருகிற புது அரிசி லேசில் குழையும். ஆறு மாதம் கிடந்த பழைய அரிசி தண்ணீர் நிறையக் குடிக்கும், சோறு உதிரியாக வரும், ஒரு படிக்கு அதிகமாகவும் காணும். முதல் போகமான கன்னிப்பூ நெல் புரட்டாசி வாக்கில் வரும்போதும் இதே கதைதான். ஒரே கடை, ஒரே பை, ஆனால் போன மாதத்துக் கணக்கு இந்த மாதம் பொய்க்கிறது என்றால், அரிசி புதுசு என்று புரிந்துகொண்டு நேரத்தைக் குறையுங்கள்.

பானையில் வைக்கிறவர்கள் செய்கிற இன்னொரு தவறையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கொதி வந்த பிறகும் தீயைப் பெரிசாக எரியவிடுகிறார்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும், அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் அதற்குமேல் போகாது. தளதளவென்று கொதித்தாலும் மெல்லக் கொதித்தாலும் அரிசிக்குக் கிடைக்கிற சூடு ஒன்றுதான், கூடுதலாக எரிகிற கேஸ் வெறும் ஆவியாகத்தான் போகிறது. கொதி வந்ததும் தீயைக் குறைத்துவிடுங்கள், சிலிண்டர் நிச்சயம் சில நாள் கூட வரும்.

இதே காரணத்தால்தான் தெர்மல் குக்கர் வேலை செய்கிறது. அரிசி வேக, நெருப்பு வேண்டாம், சூடு இருந்தால் போதும். மாவுச்சத்து 70 டிகிரிக்கு மேலேயே இளகி வேகத் தொடங்கிவிடும். கொதிக்கிற பானையை, சூடு வெளியே போகாத ஒரு பெட்டிக்குள் வைத்து மூடினால் மிச்ச வேலையை அந்தச் சூடே செய்துவிடும். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை, வைக்கோலும் பஞ்சும் திணித்த பெட்டிக்குள் பானையை இறக்கி, சூடாறாப்பெட்டி என்ற பெயரில் கேரளத்தில் எத்தனையோ வீடுகளில் செய்ததுதான், இப்போது ஸ்டீலில் கடைக்குக் கடை கிடைக்கிறது.

உங்கள் காலைநேரத்துக்குக் கணக்குப் போட்டுத் தருகிறேன். ராத்திரி பத்து மணிக்கு இரண்டு டம்ளர் மட்ட அரிசியைக் களைந்து ஊறப் போடுங்கள். களையும்போது தண்ணீர் லேசாகச் சிவப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். ஆனால் இரண்டு தரம் கழுவியதும் அரிசி முழுக்க வெளுத்துப்போய் நிற்கிறது என்றால் அது ஒட்டவைத்த நிறம், அந்தக் கடையை மாற்றுங்கள். காலை ஐந்தேகாலுக்கு ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பன்னிரண்டு டம்ளர் தண்ணீரைத் தெர்மல் குக்கரின் உள்பானையில் கொதிக்கவைத்து அரிசியைப் போடுங்கள். திரும்பக் கொதி வந்ததிலிருந்து பதினைந்து நிமிடம், மூடியோடு, குறைந்த தீயில். ஐந்தே முக்கால் ஆகியிருக்கும். பானையைப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுங்கள், நடுவில் திறந்து பார்க்கவே கூடாது, ஒரு தரம் திறந்தால் அந்தச் சூடு திரும்ப வராது. ஏழுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எடுத்து வடித்தால் சோறு பூப்போல இருக்கும். உள்பானை முக்கால்வாசிக்குமேல் நிறைந்திருக்க வேண்டும், அதையும் கவனியுங்கள். பெரிய பானையில் கொஞ்சம் அரிசி வைத்தால் சூடு நிற்காமல் அரைவேக்காடாகிவிடும். நாலு பேருக்கு ஒரு கிலோ அளவுப் பானையே அதிகம், அரைக் கிலோ அளவு போதும்.

தெர்மல் குக்கர் வாங்கும்வரை கையில் இருக்கிற பிரஷர் குக்கரையே பயன்படுத்தலாம், ஊறவைத்த அரிசியாக இருந்தால். ஐந்து லிட்டர் குக்கரில் இரண்டு டம்ளர் அரிசி, எட்டு டம்ளர் தண்ணீர், அரை ஸ்பூன் தேங்காய் எண்ணெய். எண்ணெய் நுரையை அடக்கும். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து குக்கரில் பாதிக்குமேல் போகவே கூடாது. கஞ்சி பொங்கி விசில் துவாரத்தை அடைப்பது வெறும் அசுத்தம் மட்டும் இல்லை, ஆபத்து. வாரம் ஒரு தரமாவது அந்தத் துவாரத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். விசிலை எண்ணாதீர்கள். தீ பெரிதென்றால் நாலு விசில் நாலு நிமிடத்தில் வந்துவிடும், சின்ன தீயில் அதே நாலு விசிலுக்குக் கால் மணி நேரம் ஆகும், எண்ணிக்கையில் என்ன இருக்கிறது? முதல் விசில் வந்ததும் தீயைச் சிறிதாக்கி எட்டு நிமிடம் வைத்து அணையுங்கள். அழுத்தம் தானாக இறங்கட்டும், அப்புறம் திறந்து வடியுங்கள். அவசரத்தில் வெயிட்டைத் தூக்கினால் கஞ்சி பீறிட்டு முகத்தில் அடிக்கும் மக்களே, அதை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள்.

கரண்ட் குக்கர் ஏன் வேண்டாம் என்கிறேன்? அது தண்ணீர் முழுவதையும் அரிசி குடித்து முடிக்கிற முறைக்காகச் செய்த பாத்திரம். தண்ணீர் இருக்கும்வரை சூடு 100 டிகிரியில் நிற்கும், தண்ணீர் தீர்ந்ததும் அடிச்சூடு சட்டென்று ஏறும், அதைக் கண்டுபிடித்து அடியில் இருக்கிற சுவிட்ச் விழுந்துவிடும். 1955ல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் இதை முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அவர்கள் நினைத்தது அவர்களுடைய வெள்ளைப் பச்சரிசியை. பொன்னிக்கு அருமையாக இருக்கும். மட்ட அரிசிக்கு நீங்கள் கேட்பது வடித்த சோறு, அதற்கு ஏராளமான தண்ணீர் வேண்டும், அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் சுவிட்ச் விழவே விழாது, மூடியில் கஞ்சி பொங்கும். நம் மாவட்டத்தில் ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை, காற்றடித்தால் கரண்ட் போகும். ஐந்தரைக்குக் கரண்ட் போனால் ஏழரை பஸ்ஸுக்கு என்ன செய்வீர்கள்?

இனி மாமாவின் சர்க்கரை. இதில் மாமி சொல்வது முழுக்கச் சரியில்லை, பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள். வடிக்கும்போது போவது அரிசியின் மேலிருந்து கரைந்த கொஞ்சம் மாவுச்சத்து மட்டும்தான், பெரும்பங்கு சோற்றுக்குள்ளேதான் இருக்கிறது. வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 25 முதல் 28 கிராம் மாவுச்சத்து இருக்கும், வடித்தாலும் வடிக்காவிட்டாலும் பெரிய மாற்றம் இல்லை. மட்ட அரிசியில் தவிட்டின் நார்ச்சத்து கொஞ்சம் உண்டு, மென்று விழுங்க நேரமாகும், வயிறு சீக்கிரம் நிறையும், அதெல்லாம் நல்லதுதான். ஆனால் "மட்ட அரிசிதானே" என்று இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டால் அந்த நன்மை அங்கேயே முடிந்தது. மாமாவுக்கு ஒரு கிண்ணத்தை அளவாக வைத்துவிடுங்கள், தினமும் அதே கிண்ணம். சோற்றைவிட அவியல், தோரன், பயறு, மீன் கூடுதலாக இருக்கட்டும். சோற்றோடு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) சேர்ந்து ஒரே தட்டில் வேண்டாம், ஒன்று இருந்தால் மற்றது இல்லை. வடிகஞ்சியில் உப்புப் போட்டு அவர் குடிக்கிறார் என்றால் அதில் இருப்பதும் மாவுச்சத்துதான், அதை மாமியும் நீங்களும் குடியுங்கள். மாத்திரை அளவை மட்டும் சாப்பாட்டை மாற்றியதால் நீங்களாக மாற்றாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

வடித்தால் சத்தெல்லாம் போய்விடும் என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னதாகவும் எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. பி வைட்டமின்கள் தண்ணீரில் கரையும், கஞ்சியோடு ஒரு பங்கு போகும். ஆனால் புழுங்கலரிசியில் ஒரு அனுகூலம் இருக்கிறது. நெல்லை அவிக்கும்போது தவிட்டில் இருக்கிற பி1 வைட்டமின் உள்ளே அரிசிக்குள் இறங்கிவிடுகிறது, அதனால் தீட்டினாலும் கழுவினாலும் பச்சரிசி அளவுக்கு இழப்பு வராது. 1905 வாக்கில் கோலாலம்பூரில் ஒரு மனநலக் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் என்ற மருத்துவர், ஒரு பிரிவினருக்குச் சயாம் (இன்றைய தாய்லாந்து) பச்சரிசியும் இன்னொரு பிரிவினருக்கு இந்தியப் புழுங்கலரிசியும் கொடுத்துப் பார்த்தார். பி1 குறைவால் கால் வீங்கி இதயம் வரை பாதிக்கிற பெரிபெரி நோய் பச்சரிசி சாப்பிட்டவர்களிடம்தான் பரவியது. நெல் அவிக்கத் தெரிந்த நம் முன்னோர் வைட்டமின் என்ற பெயரைக் கேட்டதில்லை, ஆனால் அவர்கள் செய்த வேலைக்குள் அது இருந்தது, இதை வகுப்பில் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும். வடித்த கஞ்சியைக் கொட்டாதீர்கள், அவ்வளவுதான். உப்பும் கொஞ்சம் மோரும் சேர்த்தால் காலைநேரத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்.

மிச்சச் சோற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெந்த சோற்றை மதியத்திலிருந்து ராத்திரி வரை அப்படியே அடுப்படி மேடையில் மூடி வைக்கக் கூடாது. அரிசியில் இருக்கிற சில கிருமிகளின் வித்துகள் கொதியிலும் சாகாது, வெதுவெதுப்பில் முளைத்துப் பெருகி நஞ்சு விடும், திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. மாமிக்குப் பழங்கஞ்சி வேண்டுமென்றால் ராத்திரிச் சோறு ஆறியதுமே சுத்தமான தண்ணீரை முங்க ஊற்றி, ஒரு கரண்டி மோரும் விட்டு வையுங்கள், சீக்கிரம் புளிக்கும். காலையில் நல்ல புளித்த வாசனை இருந்தால் உள்ளியும் (சின்ன வெங்காயம்) காந்தாரி மிளகாயும் வைத்துச் சாப்பிடலாம். பிசுபிசுப்போ வேறு நாற்றமோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

வீட்டுக்காரருக்கு என்ன செய்வது? தினமும் இரண்டு சோறு வைக்க உங்களால் முடியாது, வைக்கவும் வேண்டாம். மட்ட அரிசி தொண்டையில் இறங்கவில்லை என்று சொல்கிற பலர் இதுவரை சாப்பிட்டது சரியாக வேகாத மட்ட அரிசியைத்தான். ஊறவைத்துச் செய்ததை நெத்திலிக் குழம்போ தீயலோ ஊற்றி இரண்டு வாரம் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் ஒத்துவரவில்லை என்றால் அம்பை 16 புழுங்கலரிசி வாங்குங்கள். தடியாக இருக்கும், வெள்ளையாக இருக்கும், ஒரு மணி நேரம் ஊறினாலே போதும், பானையில் அரை மணிக்குள் வெந்து வடியும், மாமியும் ஒத்துக்கொள்வார். வாரத்தில் இரண்டு நாள் அதை வையுங்கள். பொன்னியைச் சாம்பார் வைக்கிற ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம், ஒரு டம்ளர் அரிசிக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர், குக்கருக்குள் பாத்திரம் வைத்து, வடிக்கவே வேண்டியதில்லை.

முதல் நாள் தெர்மல் குக்கரைத் திறந்ததும் சோறு நடுவில் லேசாகக் கடித்தால் பதறாமல் உள்பானையைத் திரும்ப அடுப்பில் வைத்து ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். அடுத்த நாள் பதினைந்து நிமிடத்தை இருபதாக்குங்கள். குழைந்துவிட்டால் பன்னிரண்டு. இரண்டு மூன்று நாளில் உங்கள் அரிசிக்கும் உங்கள் பானைக்குமான நிமிடம் எது என்று தெரிந்துவிடும், அதை ஒரு தாளில் எழுதி அடுப்படிச் சுவரில் ஒட்டிவிடுங்கள், மாமி அடுப்புப் பற்றவைக்கிற நாளில் அவருக்கும் உதவும்.